வெள்ளிக்கிழமைக் கரண்ட்

பரீதாவுக்குத் தன் கலியாணத் திகதியே சரியாக நினைவில் நிற்காது. மகள் பிறந்த நாளைக்கூட ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தியா பிந்தியா என்றுதான் கணக்கு வைத்திருந்தாள். ஆனால் நாலு, ஏழு, ஒன்று, இரண்டு என்ற இலக்கத்தை மட்டும் எப்போது கேட்டாலும் தட்டாமல் சொல்லுவாள். அது சோலார் கொம்பனி கொடுத்த முறைப்பாட்டு இலக்கம். நாற்பது நாளாக அந்த இலக்கத்தோடுதான் அவள் எழும்புகிறாள், படுக்கிறாள்.

வீடு கிண்ணியாவில், கடல் காற்று நேரே வந்து கதவைத் தள்ளுகிற ஒரு ஒழுங்கையில் இருந்தது. பாதி வீட்டுக்கு ஓடு, பாதிக்குக் கொங்கிறீட் தட்டு. மேலே இன்னொரு அறை கட்டலாம் என்று பதினைந்து வருடத்துக்கு முந்தி போட்ட தட்டு அது. அறை வரவில்லை. பதிலுக்குப் போன பங்குனியில் பத்து சோலார் பெனல் வந்து, இடுப்பளவு இரும்புச் சட்டங்களில் சாய்ந்து படுத்துக்கொண்டன. போட்டுக் கொடுத்தவள் மகள் றிப்தி. கட்டாரில் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருக்கிறாள். ஒற்றைப் பிள்ளை.

அந்தப் பெனல்கள் எவ்வளவு கரண்ட் தருகின்றன என்பதைப் போனில் ஒரு கோடாகப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்குக் கோடு தரையிலிருந்து எழும்பும், நடுப்பகல் லுஹர் நேரத்தில் உச்சிக்குப் போகும், பொழுதுபட்டு மஃரிபோடு இறங்கிவிடும். றிப்தி அதை மலை என்றுதான் சொல்லுவாள். அங்கே வேலைக்கு நடுவில் ஐந்து நிமிடம் கிடைத்தால் போனை எடுத்து மலையைப் பார்ப்பாள். ஊரில் வெயில் எறிக்கிறது, வாப்பாவும் உம்மாவும் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று அவளுக்கு அதில் ஒரு நிம்மதி. பாலைவனத்தில் இருந்துகொண்டு ஊர் வெயிலைப் பார்க்கிற பிள்ளையை என்னவென்று சொல்வது.

ஆனியில் மலை உடைந்தது. காலை எட்டரை வரைக்கும் ஒழுங்காக ஏறிய கோடு, யாரோ வெட்டிவிட்ட மாதிரி விழுந்து, பகல் முழுக்கத் தரையோடு கிடந்தது. பின்னேரம் அசர் நேரத்தில் சின்னதாக ஒரு திட்டி. அவ்வளவுதான். றிப்தி பதறிக்கொண்டு அழைத்தாள். மலையை ஆரோ கடித்துவிட்டார்கள் என்றாள். உழைத்துக் களைத்து மகள் வாங்கிக் கொடுத்த முதல் சாமான் கெட்டுப்போய்விட்டது என்றுதான் பரீதாவுக்குப் பட்டது. அன்றைக்கே கொழும்பில் இருந்த கொம்பனிக்குப் போன் அடித்தாள்.

கொம்பனிக்கு அடிப்பது லேசான காரியம் இல்லை. முதலில் ஒரு பாட்டு. பிறகு சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. இரண்டை அழுத்தினால் மறுபடி அதே பாட்டு. கடைசியில் வருகிறவர் சிங்களத்தில் வருவார். பரீதாவுக்கும் சிங்களம் தெரியும், ஆனால் அது மீன் வாடியில் படித்த சிங்களம். அதில் பாரை மீனின் செவுளைப் பற்றி அரை மணி நேரம் கதைக்கலாம். இன்வேர்ட்டரைப் பற்றிக் கதைக்க ஏலாது. ஆறு தடவை இப்படிப் போனது. ஏழாவது தடவை ஒரு பெண் குரல், வணக்கம் சொல்லி, நான் பிரசாந்தி கதைக்கிறன் என்றது.

பரீதா முறைப்பாட்டைச் சொல்லவில்லை. முதல் கேள்வி வேறு.

"நீங்க எந்த ஊரு புள்ள?"

"சல்லி, அன்ரி. சாம்பல்தீவுக்குப் பக்கத்தில."

"அல்லாஹ்வே, நம்மட சல்லியா?" என்று பரீதா அங்கேயே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். கிண்ணியாவுக்கும் சல்லிக்கும் நடுவில் திருகோணமலைத் துறைமுகமும் பட்டணமும் கிடக்கின்றன, ஆனாலும் கொழும்பிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முற்றம்தான்.

அன்றிலிருந்து பரீதா அழைத்தால் பிரசாந்தியைத்தான் கேட்பாள். அவள் சொல்லச் சொல்ல இன்வேர்ட்டரை நிற்பாட்டிப் போடுவாள், பச்சை லைற்றா சிவப்பு லைற்றா என்று சொல்லுவாள். நடுவில் சாப்பாட்டு விசாரணையும் நடக்கும். பிரசாந்தி வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் இருந்தாள். பகலில் கடைச் சோற்றுப் பார்சல். மீன்கறி என்று அவர்கள் போடுவதில் மீன் நீந்திப்போன தண்ணிதான் இருக்கும் என்று ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு பரீதாவுக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. தகப்பன் தம்பு கடல் தொழில். அந்த வீட்டில் கதிரையில் இருந்து செய்கிற வேலைக்குப் போன முதல் ஆள் இவள்தான். மகள் கரண்ட் கொம்பனியில் இருக்கிறாள் என்று தம்பு சல்லிக் கரையில் ஒருவரையும் விடாமல் சொல்லி முடித்துவிட்டாராம்.

ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு போனுக்கு ஒரு செய்தி வரும். எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் புள்ளி இடுங்கள் என்று. பரீதா யோசிக்கவே இல்லை. வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை முதலாம் பிள்ளை. பிரசாந்தியை விடக் கெட்டிக்காரி கொழும்பில் யார் இருக்கிறாள்? மூன்று தடவையும் மனம் நிறைந்து ஒன்று போட்டாள்.

பிரசாந்தி தலையிட்டுப் பட்டணத்திலிருந்து ஆட்களை அனுப்பினாள். நிப்றாஸ் என்ற பொறியியலாளரும் இன்னொருவரும் நாளைக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் பரீதா வீட்டைத் தலைகீழாக்கினாள். வளவு கூட்டினாள், கதிரைகளைத் துடைத்தாள். மறுநாள் விடியவே மேலே ஏறி, பெனல்களுக்குச் சவுக்காரம் போட்டுக் கிணற்றுத் தண்ணியால் கழுவி, புருசன் சாலிஹீனின் பழைய சாறனால் மினுக்கி வைத்தாள். நிப்றாஸ் வந்து மானியைப் போட்டுப் பார்த்தான். எல்லாம் முழுசாக வேலை செய்தது. மலை உச்சிக்கு நின்றது. அவன் பெனலைத் தடவிப் பார்த்துவிட்டு, ராத்தா, திருகோணமலை மாவட்டத்திலேயே இவ்வளவு சுத்தமான பெனலை நான் காணல்ல என்றான். பரீதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்களைச் சும்மா அனுப்பலாமா? சோறு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், முறுமுறு என்று நெத்தலிப் பொரியல், கடைசியில் சட்டித் தயிர். நிப்றாஸ் பொரியலை மூன்று தரம் வாங்கித் தின்றான்.

அவர்கள் போன பின்னேரமே, உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்தது. அடுத்த நாள் எட்டரைக்கு மலை மறுபடி விழுந்தது. இரண்டு கிழமை கழித்து மறுபடி வந்தார்கள். மறுபடி எல்லாம் சரி. மறுபடி பொரியல்.

வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். நெத்தலி காய்ந்தது அந்தப் பெனலில்தான். சாலிஹீன் கரைவலையில் கயிறு சுருட்டுகிற வேலை. விடிய வலை இழுத்தால் பங்கு மீனாக நெத்தலி கொண்டுவருவார். பரீதா அதைக் கழுவி உப்புப் பிரட்டி, எட்டரைக்குப் பெனல்களின்மேல் பழைய நைலோன் வலையை விரித்துப் பரப்புவாள். அசருக்கு முந்தி அள்ளி, ஒரு பங்கை றிப்திக்குப் பார்சலாகக் கட்டுவாள். சாலிஹீனுக்கு முழங்கால் வருத்தம், மேலே ஏறமாட்டார். மேலே காயுது என்று தெரியும், எதன்மேல் என்று கேட்டதில்லை.

பரீதாவைச் சிரிக்கிறவர்கள் அவளுடைய நியாயத்தையும் கேட்க வேண்டும். முந்தி அவள் வளவில் பாய் விரித்துத்தான் காயவைத்தாள். கச்சான் காற்று தொடங்கினால் ஒழுங்கை மண் முழுக்க நெத்தலியில்தான் வந்து இருக்கும். போன வருடம் கட்டாருக்கு அனுப்பிய பார்சலைத் தின்றுவிட்டு றிப்தி, உம்மா, மண் கடிபடுது என்றாள். அந்தச் சொல் பரீதாவின் நெஞ்சில் கிடந்தது. கண்ணாடி மாதிரித் துப்புரவாக, மண்ணும் பூனையும் எட்டாத இடத்தில், தொட்டால் கை சுடுகிற பெனல் பத்து இருக்கும்போது, இந்த ஆனியில் கச்சான் தொடங்கினதும் அவளுக்கு அது அல்லாஹ் காட்டிய இடமாகத்தான் தெரிந்தது. வெயில் சூட்டில்தானே கரண்ட் வருகிறது? நெத்தலி பரப்பின பிறகும் வலைக்குக் கீழே கை வைத்துப் பார்த்தாள். சூடு அப்படியே இருந்தது. சூடு இல்லாவிட்டால் நெத்தலி ஒரே பகலில் எப்படிக் காயும்? கொம்பனி ஆட்கள் வருகிற நாளில் மட்டும் அள்ளி வைத்தாள். விருந்தாளிகள் வரும்போது வீடு மீன் மணக்கலாமா?

ஆடிப் பிறந்து ஒரு புதன்கிழமை பத்து மணிபோல் பரீதா கொம்பனிக்கு அடித்தபோது பிரசாந்தியின் குரல் தண்ணி ஊற்றின சோறு மாதிரி இருந்தது. என்ன புள்ள, வருத்தமா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். மத்தியானம் பிரசாந்தியே தன் சொந்தப் போனிலிருந்து எடுத்துக் கதைத்தாள். ஆறு மாதம் தற்காலிக வேலை, இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்க்கிறார்களாம். அவள் பேரில் நாற்பது நாளாக மூடப்படாமல் கிடப்பது ஒரே ஒரு முறைப்பாடு. நாலு, ஏழு, ஒன்று, இரண்டு. அதோடு வாடிக்கையாளர் ஒருவர் ஆகக் குறைந்த புள்ளியை மூன்று தரம் போட்டிருக்கிறாராம்.

"ஆரு புள்ள அப்பிடிக் கல்நெஞ்சக்காரர்?" என்று பரீதா கொதித்தாள்.

பிரசாந்தி பெயர் சொல்லவில்லை. "அதை விடுங்கோ அன்ரி" என்றாள்.

விடக்கூடிய ஆளா பரீதா? உடனே றிப்தியைக் கேட்டாள், புள்ளியில் எது கூட என்று. ஐந்து என்றாள் மகள். பரீதா குசினிப் படியில் இருந்துவிட்டாள். அடுப்பில் சொதி பொங்கி வழிந்தது, எழும்பவில்லை. சாலிஹீன் வந்து அடுப்பை நிற்பாட்டி, என்ன நடந்தது என்று கேட்டார். ஊரான் வீட்டுப் பிள்ளையின் வேலையில் நான் மண்ணைப் போட்டிட்டன் என்று சொன்னாள். அன்று முழுக்க வேறு கதை இல்லை. அந்தப் பிள்ளை சல்லிக்குத் திரும்பிப்போய்த் தகப்பன் முகத்தை எப்படிப் பார்க்கும் என்பதுதான் கதை.

றிப்தி வேறு மாதிரி. கொம்பனியின் முகநூல் பக்கத்தில் எழுதி நாறடிக்கப்போகிறேன் என்று நின்றாள். எழுதினால் முதலில் போவது பிரசாந்தியின் தலை என்று சொல்லிப் பரீதா அவளை மறித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, நெத்தலி மேலே காய்ந்துகொண்டிருக்க, பிரசாந்தி அழைத்தாள். இதுவும் சொந்தப் போன். இரண்டு மாதத்து மலைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன் என்றாள்.

"எல்லா நாளும் விழுது. நிப்றாஸ் ஆக்கள் வந்த ரெண்டு நாளும் விழேல்ல. அதோட வெள்ளிக்கிழமை ஒண்டுகூட விழேல்ல, அன்ரி. ஒழுங்கை முடிவில அரிசி ஆலை ஒண்டு இருக்காமே. அது வெள்ளிக்கிழமை பூட்டு. அந்த மிசினாலதான் எண்டு கொம்பனி ஆக்கள் ஆலைக்காரருக்குக் கடிதம் எழுதப்போகினம். எனக்கெண்டா நம்பிக்கை இல்ல. வெள்ளிக்கிழமை உங்கட ஊரில வேற என்ன நிக்கும்?"

"வெள்ளிக்கிழமையா? கடலும்தான் நிக்கும். ஜும்ஆ நாளுல வல வளைக்கமாட்டாங்களே."

"ஓம், எங்கட அப்பாவும் சொல்லுவார். கிண்ணியாக் கரை வெள்ளிக்கிழமை சும்மா கிடக்கும் எண்டு. அப்ப அண்டைக்கு மீன் இல்ல."

"மீனில்லாட்டி எனக்கும் லேசு. நெத்தலி காயப்போடுற வேல இல்ல."

பிரசாந்தி மீன்காரன் மகள். கேட்காமல் விடுவாளா?

"எங்க காயப்போடுறநீங்கள்?"

"வேற எங்க, பெனல்லதான்."

பிரசாந்தி மெதுவாகக் கேட்டாள், நிப்றாஸ் வந்த நாட்களில்? விருந்தாளிக்கு எடுத்து வைத்துக் கழுவின கதையைப் பரீதா பெருமையோடு சொன்னாள். சொல்லிக்கொண்டு வரும்போதே தன் குரல் குறைவது அவளுக்கே கேட்டது.

"அன்ரி, போனோட மேல போங்கோ. வலையை உருட்டுங்கோ."

போனை முக்காட்டுக்குள் செருகிக்கொண்டு பரீதா ஏணியில் ஏறினாள். கச்சான் முகத்தில் அடித்தது. வலையை நாலு மூலையும் கூட்டி அள்ளி, தட்டில் நிழலான பக்கம் வைத்தாள். போனில் கரண்ட் அளவு மாற ஐந்து நிமிடம் எடுக்கும், பொறுங்கோ என்றாள் பிரசாந்தி. கொட்டியாரக் குடாவில் ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் போக நின்றது. அது நகர்கிறதா இல்லையா என்று பரீதா பார்த்துக்கொண்டே நின்றாள். கால் சுட்டது.

"எண்ணூறு வாட்டில நிண்டது" என்றாள் பிரசாந்தி. "இப்ப நாலாயிரம்."

பரீதா பெனலில் கை வைத்துப் பார்த்து, சூடு முந்தின மாதிரித்தானே இரிக்கி என்றாள்.

"சூட்டால இல்ல அன்ரி. வெளிச்சத்தாலதான் கரண்ட் வருது. வெளிச்சம் கண்ணாடியில படோணும். நாலு பெனலை மறைச்சாலே முழுக்க விழுந்திடும்."

நாற்பத்தாறு நாள். இரண்டு தரம் பட்டணத்திலிருந்து ஆட்கள். மகளைப் பதறவைத்தது, ஆலைக்காரர்மேல் வரவிருந்த பழி, இந்தப் பிள்ளையின் வேலை. எல்லாம் தன் கையால் பரப்பின நெத்தலி. ஒழுங்கையில் துப்புரவுக்குப் பேர் போனவள் பரீதா. இந்தக் கதை வெளியே போனால் கிண்ணியா முழுக்க ஒரு வருடத்துக்குச் சிரிக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிரசாந்திக்கும் அது விளங்கியது. இனி ஆட்கள் வர வேண்டாம், தூசி படிந்து கிடந்தது, கழுவிச் சரியாகிவிட்டது என்று எழுதி நான் மூடிவிடுகிறேன், ஒருத்தருக்கும் தெரியவராது என்றாள்.

"அப்பிடி எழுதினா ஒங்களுக்கு வேல நிக்குமா புள்ள?"

என்னைப் பற்றி யோசிக்காதேங்கோ அன்ரி என்றாள் பிரசாந்தி. நிற்காது என்பதற்கு அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது. சவுக்காரத் தண்ணியால் தீருகிற முறைப்பாட்டை நாற்பத்தாறு நாள் வைத்திருந்தவள் என்றுதானே எழுதுவார்கள்.

பரீதா கீழே இறங்கி முகம் கழுவினாள். நல்ல முக்காடு ஒன்றை எடுத்துப் போட்டாள், போனில் கதைக்க எதற்கு என்று கேட்கக்கூடாது. கொம்பனி இலக்கத்தை அடித்தாள். பாட்டு, இரண்டு, மறுபடி பாட்டு. பத்தொன்பது நிமிடம் காத்திருந்தாள். பொறுப்பாளரோடுதான் கதைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தமிழ் தெரிந்த ஒருவர் வந்தார்.

"இது ரெக்கோட் ஆகுதா தம்பி?"

"ஓம் அம்மா, எல்லா அழைப்பும் பதிவாகும்."

"ஆகட்டும். நாலு, ஏழு, ஒண்டு, ரெண்டு. பெனல்ல பிழை இல்ல. நான்தான் அதுல நெத்தலி காயப்போட்ட. ஒங்கட ஆக்கள் ரெண்டு தரம் வந்தாங்க, நான் கழுவி மறைச்சிட்டன், வேணுமெண்டு இல்ல, விருந்தாளிக்குச் செய்ற மரியாத அது. அவங்க அந்த நெத்தலியச் சோத்தோட திண்டுட்டு ஒரு பிழையும் இல்லயெண்டு போயிட்டாங்க. பிரசாந்திப் புள்ளதான் கொழும்புல கதிரையில இரிந்துகொண்டே கண்டுபிடிச்ச. எங்கட ஊருல வெள்ளிக்கிழம கடல் நிக்கிமெண்டு ஒங்கட கொம்பனியில வேற ஆருக்குத் தெரியும்? ஒண்டு ஒண்டெண்டு புள்ளி போட்டதும் நான்தான். முதலாம் புள்ளயெண்டு நெனச்சன். அதையும் எழுதிக்கொள்ளுங்க. அந்தப் புள்ளைய வீட்டுக்கு அனுப்பினா இனி இந்த இலக்கத்துக்கு ஆரு எடுத்தாலும் எனக்கு ஒண்டும் விளங்காது."

மறுபக்கத்தில் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இருமல் கொஞ்சம் நீண்டது. பிறகு அவர், எழுதிக்கொண்டேன் அம்மா என்றார்.

சாலிஹீன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பெனல்லயா காயப்போட்ட நீ என்று மட்டும் கேட்டார். பின்னேரம் கம்பும் வலையும் கொண்டுவந்து, முழங்கால் நோவோடு முதல் தடவை மேலே ஏறி, தட்டின் வெறும் பக்கத்தில் உயரமாக ஒரு பரண் கட்டிக் கொடுத்தார்.

மகளிடம் சொல்லத்தான் பரீதாவுக்கு அதிக பயமாக இருந்தது. றிப்தி கேட்டு முடிய விழுந்து விழுந்து சிரித்தாள். அப்ப இவ்வளவு நாளும் நான் திண்டது என்ட கரண்டையா என்றாள். பிறகு சிரிப்பு நின்று, குரல் தளும்பியது. மண் கடிபடுதெண்டு சொன்னது நான்தானே உம்மா என்றாள்.

கதை எப்படியோ கிண்ணியாவுக்கு வந்தது. நிப்றாஸாகத்தான் இருக்கும். ஒழுங்கையில் பெண்கள், ராத்தா, கரண்ட்ல பொரிச்ச நெத்தலி இரிக்கா என்று கேட்டார்கள். பரீதாவும் இருக்கு, கோப்பை கொண்டுவா என்றாள். பரணில் நெத்தலி காய இரண்டு நாள் எடுத்தது. முதல் மாதிரி முறுகவும் இல்லை. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிரசாந்தியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லாமல் மாதம் முடிந்தது. எடுத்துக் கேட்கப் பரீதாவுக்குத் தைரியம் வரவில்லை. தினமும் மலை முழுசாக நின்றது. முறைப்பாடு இல்லாமல் எந்த முகத்தோடு அடிப்பது?

புது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. பரீதா மேலே நின்றாள். போன் அடித்தது. கொம்பனி இலக்கம்.

"வணக்கம், வாடிக்கையாளர் சேவையில இருந்து பிரசாந்தி கதைக்கிறன்."

பரீதா கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் என்றாள். ஒருக்கால் போதவில்லை, இரண்டு தரம் சொன்னாள்.

"அன்ரி, உங்கட பெனல் ஒம்பது மணியிலிருந்து கொஞ்சம் குறைவாக் காட்டுது."

பரீதா பக்கத்தில் பார்த்தாள். ஓரத்துப் பெனலில் ஒரு சுளகு, அதில் தலை கிள்ளின நெத்தலி.

"ஒரு சுளகுதான் புள்ள. பரண்ல காஞ்சா ருசி இல்ல. நாளைக்கிக் கொழும்பு பஸ்ஸுல வரும். ஒங்கட போர்டிங்ல குசினி இரிக்கிதானே?"

இந்த அழைப்பும் பதிவாகிறது என்பது இருவருக்கும் தெரியும். பிரசாந்தி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"எத்தினை மணிக்கு எடுப்பீங்கள்?"

"அசருக்கு முந்தி."

"சரி அன்ரி. முறைப்பாடா நான் இதைப் பதியேல்ல. நல்லாக் காயட்டும்."

பரீதா போனை முக்காட்டுக்குள் செருகிவிட்டு, குனிந்து நெத்தலியைப் புரட்டிப் போட்டாள்.